பெட்டியில் ஒரு நெத்தலி

அஜித்தாவின் கைகள் இரண்டும் முழங்கை வரை உப்பாக இருந்தன. சூரைக் கருவாட்டைப் பலகையில் கிடத்தி, மேலே படிந்த உப்பைக் கத்தியின் முதுகால் வழித்து, கால் கிலோவுக்கு வெட்டி, பைக்குள் போட்டு, காற்றை உறிஞ்சி ஒட்டுகிற மெஷினுக்குள் பையின் வாயைச் செருகிக்கொண்டிருந்தாள். மெஷின் உறுமி முடிந்ததும் அடுத்த பை. ஜன்னல் கட்டில் கிடந்த போன் இரண்டு முறை கிணுகிணுத்தது.

"மிஸ்ஸி, ஒருக்கா அதப் பாருங்க. இந்தக் கையோட தொட்டா அது என்னை ஆளெண்டே எடுக்காது" என்றாள்.

உண்மைதான். உப்பில் ஊறி ஊறி அவளுடைய விரல் நுனிகளில் ரேகை தேய்ந்துவிட்டது. கை உப்பாக இருக்கும் நேரங்களில் போனை மேசையில் வைத்து, குனிந்து, மூக்கு நுனியால் எண்களை அழுத்தித் திறப்பாள். முதலில் பார்ப்பவர்கள் அவள் போனுக்கு முத்தம் கொடுக்கிறாள் என்று நினைப்பார்கள்.

நான் அடுத்த அறையில் அவளுடைய கணவன் றொபியின் இடுப்புப் புண்ணுக்கு மருந்து கட்டிக்கொண்டிருந்தேன். கட்டி முடித்து, கையுறையைக் கழற்றி, கை கழுவி, அதற்குப் பிறகே போனை எடுத்தேன். நான் தாதி அல்ல. பராமரிப்பாளர் பயிற்சி பெற்று முப்பது வருடம் வார்ட்டுகளில் வேலை செய்து ஓய்வு பெற்றவள். வெள்ளை உடுப்புப் போட்ட பெண்கள் எல்லோரும் இந்தப் பக்கத்தில் மிஸ்ஸிதான்.

அவளுடைய இணையக் கடைக்கு ஓர் ஓடர் வந்திருந்தது. கொழும்பு தெமட்டகொடை விலாசம். காசு வங்கி அட்டையால் கட்டியாயிற்று. நான் உரத்து வாசித்தேன்.

"கட்டா ஒண்டு, பாரை ஒண்டு, சீலா ஒண்டு, அறக்குளா, திருக்கை, சுறா, வாளை, நெத்தலி, சூடை, கீரி, கூனி இறால். எல்லாத்திலயும் ஒவ்வொரு பக்கெட். பதினொண்டு. வியாழக்கிழமைக்குள்ள கிடைக்கவேணும் எண்டு எழுதியிருக்கு."

அன்று செவ்வாய்க்கிழமை பின்னேரம் மூன்று மணி. அஜித்தா கத்தியைக் கீழே வைத்தாள்.

"அந்தப் பதினொண்டும் இல்ல, மிஸ்ஸி."

"இல்லாததை ஏன் கடையில வச்சிருக்கிற?"

"இருக்கு. ஒவ்வொண்டு இருக்கு" என்றாள். பிறகு முகத்தைப் புறங்கையால் துடைத்தாள். கன்னத்தில் உப்பு ஒட்டியது. "ஆனா பக்கெட் இல்ல."

இதை விளங்கிக்கொள்வதற்குக் கொஞ்சம் பின்னுக்குப் போக வேண்டும்.

அஜித்தாவுக்கு நாற்பத்திரண்டு வயது. கண்டக்குளியில் கடலுக்குக் கிட்ட இரண்டு அறை வீடு. கல்யாணத்துக்கு முன் நாலு வருடம் குவைத்தில் வீட்டு வேலை செய்தாள். றொபி கடலட்டைக்கும் சங்குக்கும் சுழியோடுகிறவர். 2018 மார்ச்சில் ஒரு நாள் ஆழத்திலிருந்து சடுதியாக மேலே வந்தபோது இரத்தத்தில் காற்றுக் குமிழ் உண்டாகி முள்ளந்தண்டைத் தாக்கியது. அன்றோடு இடுப்புக்குக் கீழே உணர்வு போயிற்று. இடது தோளும் பழுது. தானாகப் புரள முடியாது. இந்தக் கரையில் அப்படிக் கிடக்கிற ஆண் அவர் ஒருவர் மட்டும் அல்ல.

அப்படிப்பட்டவரை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தரம் புரட்டிவிட வேண்டும். இடப் பக்கம், வலப் பக்கம், மல்லாக்க. இரவும் பகலும். ஒரு நேரம் தவறினால் தோல் சிவக்கும். ஒரு நாள் தவறினால் உடையும். நான் கிழமைக்கு மூன்று நாள் போகிறேன். மற்ற நாட்களில் எல்லாம் அவள் தனியாகத்தான் செய்கிறாள். ஐந்து வருடமாக, அவர் வீட்டில் இருந்த ஒரு நாளும் அவள் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் ஒரே தொடர்ச்சியாக நித்திரை கொண்டதில்லை.

சைப்பிரசில் ஒரு கிழவரைப் பராமரிக்க ஆள் தேவை என்று சிலாபத்தில் ஒரு ஏஜென்ற் அவளுக்குப் படிவம் கொடுத்திருந்தான். அதை நிரப்பி அலுமாரிக்குள் வைத்திருந்தாள். ஜூலை முடிவதற்குள் கையெழுத்துப் போட வேண்டும். "கடை நிண்டா நானும் நிப்பன் மிஸ்ஸி. கடை விழுந்தா போகத்தான் வேணும்" என்று ஒரு முறை சொன்னாள். அதற்கு மேல் அதைப் பற்றிக் கதைக்கவில்லை.

அவள் போனால் றொபி சிலாபத்தில் அவருடைய அக்கா மெலனியின் வீட்டுக்குப் போக வேண்டும். மெலனி நல்லவள். பூசை தவறமாட்டாள், சோறு குழைத்துத் தீத்திவிடுவாள். ஆனால் புரட்டமாட்டாள். பாவம், நித்திரை கொள்கிறான், எதற்கு எழுப்புவது என்பாள். இரண்டு தரம் அங்கே விட்டுப் பார்த்தோம். இரண்டு தரமும் புண்ணோடு திரும்பி வந்தார். ஒரு வருடம் அங்கே கிடந்தால் புண் எலும்பைத் தொடும். அதற்குப் பிறகு நடப்பதை நான் வார்ட்டில் நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஆகவே அந்தக் கடையில் எனக்கும் அக்கறை இருந்தது.

முதலில் அவள் முகநூலில் ஒரு பக்கம் திறந்து கருவாட்டுப் படங்கள் போட்டாள். சனம் வந்தது. வந்தவர்கள் எல்லோரும் விலை என்ன என்று கேட்டார்கள். விலையைப் படத்துக்குக் கீழேயே எழுதியிருந்தாள். அப்படியும் கேட்டார்கள். ஒரு நாளைக்கு நாற்பது, ஐம்பது பேருக்குப் பதில் எழுதுவாள். அதில் வாங்குகிறவர்கள் மூன்று பேர். ஒரு வெள்ளிக்கிழமை நான் போய்ப் போர்வையை நீக்கிப் பார்த்தபோது றொபியின் இடுப்பில் ஐந்து ரூபாய்க் குற்றி அளவில் தோல் உடைந்திருந்தது. காலையிலிருந்து மத்தியானம் வரை அவரைப் புரட்டவில்லை. யாரோ ஒருவர் கருவாட்டில் உப்பு எத்தனை வீதம் என்று கேட்டுக்கொண்டிருந்தாராம்.

"கேக்கிறவனுக்கெல்லாம் பதில் சொல்ல ஒரு ஆளை வை. இல்லாட்டி இதை மூடு" என்றேன்.

ஆள் வைக்க வசதி இல்லை. அப்போதுதான் கூடை மென்பொருள் என்ற ஒன்று இருப்பதாகப் புத்தளத்தில் மஸாஹிர் சொன்னார். பஸ் நிலையத்துக்குக் கிட்ட போட்டோப் பிரதியும் போன் திருத்தமும் செய்கிற கடை அவருடையது. இணையப் பக்கங்களும் செய்து கொடுப்பார். வருகிறவர் தானே விலையைப் பார்த்து, சாமானைத் தெரிந்து, கூடையில் போட்டு, விலாசம் எழுதி, காசு கட்டிவிட்டுப் போவார். கடைக்காரி யாரோடும் கதைக்கத் தேவையில்லை.

"கதைக்கத் தேவையில்லையா நானா?" என்று அஜித்தா இரண்டு தரம் கேட்டாளாம். மஸாஹிரை அவள் நானா, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவாள்.

மூன்று மென்பொருட்களைச் சோதித்தாள். முதலாவது வெளிநாட்டுக்காரருடையது. பார்க்க அவ்வளவு அழகு. பதினாலு நாள் இலவசம். பதினைந்தாம் நாள் டொலரில் மாதக் கட்டணம் கேட்டது. அவளுடைய வங்கி அட்டை கடல் கடந்து காசு கட்டாது. அழகு அதோடு முடிந்தது.

இரண்டாவது இலவசம். யாரும் எடுத்துத் தங்கள் சொந்த இணைய இடத்தில் நிறுவிக்கொள்ளலாம். மஸாஹிர் நிறுவிக் கொடுத்தார். இடத்துக்கு வாடகை, பக்கத்தைக் காக்கிற பூட்டுக்குத் தனிக் காசு, அதற்குள் செருகுகிற ஒவ்வொரு துண்டுக்கும் தனிக் காசு. "இலவசம் எண்டது மாமி வீட்டுக்கு வந்து நிக்கிற மாதிரி நானா. வாடகை வாங்க ஏலாது, மூண்டு வேளையும் சமைக்கவேணும்" என்று அவரிடம் சொன்னாள். ஆறாவது கிழமை ஏதோ ஒரு துண்டு தன்னைத் தானே புதுப்பித்துக்கொண்டது. கடைப் பக்கம் வெள்ளையாய்ப் போயிற்று. மஸாஹிர் மதவாச்சியில் ஒரு கல்யாண வீட்டில். அவர் வரும் வரை இரண்டு நாள் கடை இல்லை.

மூன்றாவது கொழும்பில் ஒரு சின்னக் கம்பனியுடையது. அழகில்லை. பச்சை நிறம், அதுவும் ஆஸ்பத்திரிச் சுவரின் பச்சை. ஆனால் ரூபாயில் கட்டலாம், சின்னப் போனிலும் வேலை செய்யும். எடையைக் கால் கிலோ, அரைக் கிலோ என்று பிரித்துப் போடலாம். வீட்டு வாசலில் காசு, வங்கி அட்டை இரண்டுக்கும் வசதி. இவற்றையெல்லாம் மஸாஹிர் சொல்லி முடித்த பிறகு அஜித்தா ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"இவரோட நான் ஆஸ்பத்திரியில நிண்டா, கடையை என்ன செய்றது?"

மஸாஹிர் ஒரு பொத்தானைக் காட்டினார். 'ஓய்வு' என்று எழுதியிருந்தது. அதை அழுத்தினால் வருகிறவர்களுக்கு, கடை இன்று மூடியிருக்கிறது, இன்ன நாள் திறக்கும் என்று தானே சொல்லும். அந்தப் பொத்தானுக்காகத்தான் அவள் அதை எடுத்தாள். எடுத்து ஒரு வருடமாகியும் அதை ஒரு தரமும் அழுத்தவில்லை. அது வேறு விஷயம்.

வேலை குறைந்ததா என்றால், குறைந்தது. விலை கேட்கிறவர்கள் இல்லை. ஆனால் வேறு கஷ்டங்கள் வந்தன. மணம் வருகிறது என்று கூரியர்காரர்கள் பொதியை எடுக்க மறுத்தார்கள். அதற்காகத்தான் காற்றை உறிஞ்சுகிற மெஷின். வாசலில் காசு கொடுக்கிறோம் என்று ஓடர் போட்டவர்களில் பாதிப் பேர் பொதி போனதும் ஆள் இல்லை என்றார்கள். கருவாடு குருநாகல், கண்டி, மாத்தளை எல்லாம் சுற்றிப் பார்த்துவிட்டு இரண்டு கிழமையில் வீட்டுக்குத் திரும்பி வரும். அட்டையால் காசு கட்டுகிறவர்களை வைத்துத்தான் கடை நின்றது. அந்த அட்டை வசதிக்கு ஒரு நிபந்தனை இருந்தது. காசு கட்டியும் சாமான் வரவில்லை என்று ஆறு மாதத்துக்குள் மூன்று முறைப்பாடு வந்தால் வசதியை நிறுத்திவிடுவார்கள்.

இரண்டு வந்துவிட்டன. ஒன்று வழியில் தொலைந்த பொதி. மற்றது நெத்தலி.

நெத்தலிக் கதைதான் முக்கியம். கண்டக்குளியில் கருவாடு விற்கிறவர்கள் பெட்டியைத் துடைத்து விற்பதில்லை. யாராவது முழுப் பெட்டியையும் விலை பேசி வாங்கினாலும், கொட்டிக் கொடுத்த பிறகு அதிலிருந்து ஒரு மீனை எடுத்துத் திரும்பப் பெட்டிக்குள் போடுவார்கள். வாங்குகிறவரும் ஒன்றும் சொல்லமாட்டார். வெறும் பெட்டியோடு வீட்டில் இருக்கக்கூடாது என்பது எண்ணம். அடுத்த மீன் வந்து சேரும் வரை அந்த ஒன்று அடியில் கிடக்கும்.

றொபி கடைசியாகச் சுழியோடப் போவதற்கு முதல் நாள் ஒரு கலியாண வீட்டுக்காரர் கட்டா கேட்டு வந்தார்கள். அரைக் கிலோ குறைந்தது. அஜித்தா பெட்டி அடியில் கிடந்ததையும் எடுத்து நிறுத்துக் கொடுத்தாள். மறுநாள் றொபியைப் படகிலிருந்து பலகையில் வைத்துத் தூக்கி வந்தார்கள்.

இதை அவள் என்னிடம் சொன்னது மூன்று வருடத்துக்குப் பிறகு, ஒரு போர்வையை மடிக்கும்போது. குமிழ் எப்படி உண்டாகிறது, ஏன் உண்டாகிறது என்று நான் விளங்கப்படுத்தினேன். "ஓம் மிஸ்ஸி, டொக்டரும் சொன்னவர்" என்றாள். போர்வையை மடித்து வைத்தாள்.

மென்பொருளில் ஒவ்வொரு சாமானுக்கும் பக்கத்தில் ஒரு கட்டம் இருக்கிறது. கையில் எத்தனை பக்கெட் இருக்கிறது என்று அதில் எழுத வேண்டும். விற்க விற்க அது தானே குறையும். பூச்சியம் வந்தால் சாமான் கடைப் பக்கத்தில் மறைந்துவிடும். நெத்தலி முடிகிற ஒவ்வொரு தரமும் அஜித்தா உள்ளே போய் அந்தப் பூச்சியத்தை அழித்து ஒன்று போட்டாள். நெத்தலிக்கு மட்டுமல்ல, எல்லாவற்றுக்கும். பெட்டியில் ஒன்று கிடக்கிறது, ஆகவே ஒன்று. அவளைப் பொறுத்த வரை அது பொய் அல்ல. அவள் மீனை எண்ணினாள். மென்பொருள் பக்கெட்டை எண்ணியது.

அந்த ஒன்றை நம்பிக் காசு கட்டிய ஒருவரின் நெத்தலி முறைப்பாடு வந்தபோது மஸாஹிர் போனில் கத்தினார். "தங்கச்சி, முடிஞ்சா பூச்சியம் போடுங்க. பூச்சியம் ஒண்டும் பாம்பு இல்ல, கடிக்காது."

"ஓம் நானா" என்றாள். போனை வைத்துவிட்டு ஒன்று போட்டாள்.

அதோடு தென்மேல் காற்றுக் காலம் வந்தது. மே கடைசியிலிருந்து படகுகள் சரியாக இறங்கவில்லை. பெட்டிகள் ஒவ்வொன்றாக அடி தட்டின. பதினாலு சாமானில் மாசி, இறால், சூரை மூன்றும்தான் மிச்சம். மற்றப் பதினொன்றுக்கும் நேரே, ஒன்று மட்டுமே உள்ளது என்று மென்பொருள் தன்பாட்டில் சிவப்பில் எழுதியது. அப்படி எழுதினால் சனம் அவசரப்படும் என்று அதற்குத் தெரியும்.

அந்த நிலையில்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை ஓடர் வந்தது. இது மூன்றாவது முறைப்பாடானால் அட்டை போகும், அட்டை போனால் கடை போகும், கடை போனால் அலுமாரியில் இருக்கிற படிவத்தை எடுக்க வேண்டும். இதை அவளுக்கு நான் சொல்லத் தேவையிருக்கவில்லை.

அவள் முதலில் உச்சமுனைக்குப் போன் எடுத்தாள். அங்கே ஒரு பெண்ணிடம் ஒரு கிலோ சூடை இருந்தது. காற்று நிற்கும் வரை எந்தப் படகும் இக்கரைக்கு வராது என்றாள் அந்தப் பெண். கற்பிட்டிச் சந்தையில் இரண்டு பேரிடம் கேட்டாள். அவர்களிடமும் ஒவ்வொன்றுதான் இருந்தது.

"வாங்கினவவுக்கே எடுத்துக் கதை" என்றேன்.

"கதைக்காம இருக்கத்தானே மிஸ்ஸி இந்தச் சாமானையே எடுத்தது."

"எடு."

கை கழுவிவிட்டு எடுத்தாள். எனக்கும் கேட்கட்டும் என்று போனைச் சத்தமாக்கி மேசையில் வைத்தாள். வாங்கியவர் பெயர் உம்மு குல்சூம். புத்தளத்தில் பிறந்து, கொழும்பில் மகளோடு இருக்கிறவர். மூத்த முஸ்லிம் பெண்களை இங்கே எல்லோரும் ராத்தா என்றுதான் கூப்பிடுவார்கள். அஜித்தாவும் அப்படித்தான் கூப்பிட்டாள்.

"ராத்தா, நான் கண்டக்குளிக் கருவாட்டுக் கடையிலருந்து கதைக்கிறன்."

"சொல்லுங்க புள்ள. அனுப்பிட்டீங்களா? மகள் வெள்ளிக்கிழமை ராவு மெல்பனுக்குப் போறா. வெளிநாட்டுல ஒழுங்கா ஒரு கருவாடு கெடைக்குதில்லயாம்."

"ராத்தா, அதில சிலது இல்ல."

"இல்லயா? செவப்புல, ஒண்டு மட்டும் ஈக்கிது எண்டு போட்டிருந்தீங்களே. அதப் பாத்துத்தானே வேற ஆள் எடுக்க முந்தி எல்லாத்தையும் போட்டு அமத்தினேன். நெத்தலி ஈக்கிதா இல்லயா?"

"ஒண்டு இருக்கு."

"அதத்தானே நானும் கேட்டேன். ஒரு பக்கெட்."

"ஒரு மீன், ராத்தா."



"ஒரு நெத்தலி" என்றார் உம்மு குல்சூம்.

"ஓம்."

"நல்லது. அதுக்கும் ஒரு பாஸ்போட் எடுத்துருவமா? மகள் பக்கத்துல ஒக்காந்து போகட்டும். ஜன்னல் சீட்டுக் குடுப்பம்."

அடுத்த அறையில் றொபி சிரித்தது கேட்டது. அஜித்தா சிரிக்கவில்லை. பெட்டி வழக்கத்தை நாலு வசனத்தில் சொன்னாள். பெரிய மீனில் ஒவ்வொரு துண்டு இருக்கிறது, ஒவ்வொன்று போட்டது தன் பிழை என்றாள். உம்மு குல்சூம் எல்லாவற்றையும் கேட்டார். பிறகு அவருடைய குரலில் பகிடி இல்லை.

"புள்ள, நான் கடல் கரை வழக்கத்தக் குத்தம் சொல்லல்ல. ஆனா காசு எண்ட மகள்ட பேங்க் காட்டுலருந்து போயிட்டுது. அவவுக்கு ஒங்கட பெட்டி தெரியாது. பெரிய மீன் ஒவ்வொண்டு ஈக்கிது எண்டீங்க. அதெல்லாம் வியாழக்கெழம இங்க வரணும். இல்லாத சாமானுக்குக் காசு இண்டக்கே திரும்பி வரணும். வந்தா சரி. வராட்டி அவ பேங்குக்கு எழுதுவா. நான் வேணாம் எண்டாலும் எழுதுவா."

"ஓம் ராத்தா."

பெரிய மீன் ஏழு. கட்டா, பாரை, சீலா, அறக்குளா, திருக்கை, சுறா, வாளை. ஒவ்வொரு பெட்டி அடியிலும் ஒரு துண்டு கிடந்தது. துண்டு ஒவ்வொன்றும் கிட்டத்தட்டக் கால் கிலோ வரும். நெத்தலி, சூடை, கீரி மூன்றிலும் ஒவ்வொரு மீன். கூனியை எண்ண முடியாது என்பதால் ஒரு சிட்டிகை விட்டிருந்தாள். கணக்குச் சுலபம். ஏழை அனுப்பலாம், நாலுக்குக் காசு திருப்பலாம். அஜித்தா பெட்டி அறைக்குள் போய்க் கட்டாப் பெட்டியின் மூடியைத் திறந்தாள். திறந்தபடி நின்றாள்.

ஐந்து மணியானது. றொபியைப் புரட்டுகிற நேரம். நான் போய் அவரை இடப் பக்கம் திருப்பி, முதுகுக்குத் தலையணை கொடுத்தேன். அப்போது அவருடைய முகம் பெட்டி அறைக் கதவைப் பார்த்தபடி இருந்தது.

"எடுக்கத்தானே வேணும்" என்றார் றொபி.

அஜித்தா கட்டாப் பெட்டியின் மூடியைத் திரும்ப மூடினாள்.

"அண்டைக்கு நான் மூண்டு தரம் இறங்கினன்" என்றார். "ரெண்டாம் தரம் ஏறினப்பவே தோள் குத்தினது. சம்மாட்டி போதும் எண்டவர். கடலட்டை நிறையக் கிடந்தது, நான்தான் கேக்கல்ல. மூண்டாம் தரம் ராங்கில காத்தும் முடிஞ்சு போச்சு. அதான் ஒரே இழுவையா மேல வந்தன்."

படகுச் சொந்தக்காரரைத்தான் சம்மாட்டி என்கிறார். இந்த விபரம் ஒன்றும் எனக்கும் தெரியாது. ஆஸ்பத்திரிப் படிவத்தில் ஒரு தரம் இறங்கியதாகத்தான் எழுதியிருந்தது.

அஜித்தா கதவுக்கு வந்தாள். "அஞ்சு வருசம் கழிச்சுச் சொல்றீங்க."

"நீ கேக்கல்லையே."

"கேட்டாத்தான் சொல்லுவீங்களோ?"

"கட்டாவை வித்ததால எண்டு நீ அழுதனி. என்னில பிழை எண்டு ஒருத்தரும் சொல்லல்ல. அப்படியே இருக்கட்டும் எண்டு விட்டுட்டன்."

நான் தலையணையைச் சரி செய்தேன். அது சரியாகத்தான் இருந்தது. அவள் அவரை நெடுநேரம் பார்த்தாள். கோபம் என்று சொல்ல முடியாது. ஒரு வேலையைச் செய்து முடித்த பிறகு, அது செய்யத் தேவையில்லாத வேலை என்று தெரிந்தவர்களின் முகம் அது.

"சம்மாட்டிக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியும். நான் பூச்சியத்தைக் கண்டு பயந்துகொண்டு இருக்கிறன்" என்றாள். பிறகு, "கால் குளிருதா?" என்று கேட்டாள். அவருக்குக் காலில் உணர்வில்லை என்பது அவளுக்குத் தெரியும். பழக்கத்தில் கேட்பது. போர்வையைக் கால் வரை இழுத்துவிட்டுப் பெட்டி அறைக்குள் போனாள்.

ஏழு துண்டையும் எடுத்தாள். உப்பு வழித்தாள். நிறுத்தாள். கட்டா நானூறு கிராம் இருந்தது, வெட்டவில்லை, அப்படியே போட்டாள். பாரை ஐம்பது கிராம் குறைவு. அதை ஒரு துண்டில் எழுதிப் பொதிக்குள் வைத்தாள்.

காசு திருப்புவதுதான் கஷ்டமாக இருந்தது. மென்பொருளில் அந்த இடத்துக்கு அவள் இதுவரை போனதே இல்லை. மஸாஹிருக்கு எடுத்தாள். அவர் கடை பூட்டிக்கொண்டிருந்தார்.

"மேல மூணு கோடு ஈக்கிதா தங்கச்சி? அத அமத்துங்க. ஓடர். அதுக்குள்ள போங்க. திருப்புதல். முழுசும் இல்ல, பகுதி. பகுதி. முழுசை அமத்தினீங்க எண்டா கருவாடும் போகும் காசும் போகும்."

"பகுதி அமத்தினன். காரணம் கேக்குது."

"கையிருப்பு இல்ல எண்டு போடுங்க."

அவள் விரல் கொஞ்சம் நின்றது. பிறகு போட்டாள். பெருவிரல் ரேகை கேட்டது. மூன்று தரம் வைத்தாள், மூன்று தரமும் மறுத்தது. போனை மேசையில் வைத்துக் குனிந்து, பழக்கத்தில் மூக்கால் இலக்கத்தை அழுத்தினாள். காசு போயிற்று.

அரை மணித்தியாலத்தில் உம்மு குல்சூமிடமிருந்து செய்தி வந்தது. நாலுக்கும் காசு வந்துவிட்டது, முறைப்பாடு எழுதமாட்டோம், மிச்சம் வரட்டும் என்று. கீழே ஒரு வரி: நெத்தலிக்கு என் ஸலாம். அஜித்தா அதை இரண்டு தரம் வாசித்தாள். வாய் கொஞ்சம் கோணியது. அந்த வீட்டில் அதைச் சிரிப்பு என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

என்னுடைய முறை வெள்ளிக்கிழமைதான். ஆனால் மறுநாள் காலையிலும் போனேன். ஆறு மணிக்கு அவள் றொபியைப் புரட்டியிருந்தாள், எட்டு மணிக்கு நான் புரட்டினேன். எட்டரைக்குக் கற்பிட்டியில் பொதியைக் கூரியரிடம் கொடுத்து, ரசீதைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு முச்சக்கர வண்டியில் திரும்பி வந்தாள். சிலாபத்து ஏஜென்ற்றுக்குப் போன் எடுத்து, இந்த மாதம் இல்லை என்றாள். அடுத்த மாதம் பற்றி அவன் கேட்டதற்கு, அடுத்த மாதம் கேளுங்கள் என்றாள். படிவத்தைக் கிழிக்கவில்லை. அது அலுமாரியில்தான் இருக்கிறது.

பிறகு பெட்டி அறைக்குள் போய்ப் பதினொரு பெட்டியையும் முற்றத்துக்கு இழுத்து வந்தாள். நெத்தலி, சூடை, கீரி மூன்றையும் பூனைக்குப் போட்டாள். கூனியைத் தட்டிவிட்டாள். ஒவ்வொரு பெட்டியாகத் தேய்த்துக் கழுவி, வெயிலில் குப்புறக் கவிழ்த்தாள். கையைத் துடைத்து, வாசல்படியில் உட்கார்ந்து, போனை மடியில் வைத்துக்கொண்டாள். கட்டாவுக்குப் பூச்சியம் போட்டாள். பாரைக்குப் போட்டாள். மற்றவைக்கும் ஒவ்வொன்றாகப் போட்டாள். கடைப் பக்கத்தில் மாசியும் இறாலும் சூரையும் மட்டும் மிஞ்சின.

"போட்டாச்சோ?" என்று உள்ளே இருந்து றொபி கேட்டார்.

"ஓம். போட்டாச்சு."

எழும்பப் போனவள் திரும்ப உட்கார்ந்தாள். ஓய்வுப் பொத்தானைத் தேடி எடுத்தாள். எத்தனை நாள் என்று அது கேட்டது. ஒன்று என்று எழுதினாள்.

"பத்து மணிக்கு நீங்க புரட்டுவீங்களோ மிஸ்ஸி?"

"போய்ப் படு" என்றேன்.

பாயை விரித்துச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். நித்திரையாகிவிட்டாள். பத்து மணிக்கு நான் அவரை வலப் பக்கம் புரட்டி, தோலைப் பார்த்தேன். புதுச் சிவப்பு இல்லை. பன்னிரண்டு மணிக்குத் திரும்ப இடப் பக்கம். அது வரை அவள் எழும்பவில்லை.